மூடியோடு ஒரு கிண்ணம்

ஜனவரி 9

அக்காவுக்கு,

இருபத்து நான்கு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும். நலம் விசாரிக்கும் வழக்கமான வரியை விட்டுவிடுகிறேன். உன் நலத்தை நாற்பத்தெட்டுப் பக்கங்களில் வழவழப்பான தாளில் அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள்.

ஆமாம், உன் பணிநிறைவு மலர் எனக்கும் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஆய்வுக்கூடத்தின் பழைய ஊழியர் பட்டியலை எடுத்து, செத்தவர், ஓய்வு பெற்றவர், துரத்தப்பட்டவர் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் தபாலில் சேர்த்திருக்கிறான். முன் அட்டையில் நீ. மூக்குக் கண்ணாடியும் மாலையுமாக. உள்ளே எல்லோரும் 'தராசு அக்கா' என்று உருகியிருக்கிறார்கள். நம் குடுவைகளைச் செய்து தந்த கண்ணாடி ஊதுகிறவர்கூட அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கு எழுத வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பதினேழாம் பக்கத்தைப் படித்தாயா? பழைய இயக்குநர் எழுதியது. 'எங்கள் தராசு அறையில் இரண்டு தராசுகள் இருந்தன. ஒன்று மேசைமேல், மற்றொன்று நாற்காலியில்' என்று ஆரம்பித்து, கடைசிப் பத்தியில், 'விலைமதிப்புள்ள ஒரு பொருள் காணாமல் போனபோது, சொந்த ரத்தம் என்றும் பாராமல், கண்டதைக் கண்டபடி சொன்னவர்' என்று முடித்திருக்கிறார். என் பெயரைப் போடவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நான் நன்றிக் கடிதம் எழுத வேண்டும்போல.

"இதைக் குப்பையில போடாம தலைமாட்டுல ஏன் வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள் என் வீட்டுக்காரி. அவளிடம் என்ன சொல்வது? உன்னிடம் சொல்கிறேன்.

உலையில் தாதுப் பொடியை எரிக்க நம்மிடம் மூன்று பிளாட்டினக் கிண்ணங்கள் இருந்தன. கட்டைவிரல் உயரம்கூட இல்லாதவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. காலையில் நீ நிறுத்துக் கொடுப்பாய், மாலையில் நிறுத்து வாங்குவாய். அந்த வியாழக்கிழமை மாலை இரண்டாம் எண் பெட்டியைத் திறந்தால் மூடி மட்டும் கிடந்தது, கிண்ணம் இல்லை. நாலு மணி வாக்கில் உலை அறையில் அது என் கையில் இருந்ததைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்ததாகவும், நான் அதைக் கோட்டுப் பையில் போட்டதாகவும் நீ எழுதிக் கொடுத்தாய். அத்தோடு கதை முடிந்தது. இயக்குநர் சொன்னது நினைவிருக்கிறதா? "வேற யாராவது சொல்லியிருந்தா விசாரிப்பேன்ப்பா. கூடப்பிறந்த அக்காவே சொல்றாங்க. இதுக்கு மேல என்ன விசாரணை?"

எந்த அக்காவும் தம்பிக்கு எதிராகப் பொய் சொல்ல மாட்டாள் என்பதுதான் எனக்கு எதிரான ஒரே சாட்சியம். நீ என்னை வெறுத்திருந்தால் நான் தப்பியிருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மலரில் வந்ததை எழுதாதே. நீ பார்த்ததை எழுது. அன்று என்ன பார்த்தாய்?

இப்படிக்கு,
பதினேழாம் பக்கத்துச் சொந்த ரத்தம்


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் உள்ளே இருந்து, "யாரு, கரண்டு ஆபீஸா?" என்று கேட்டார். "இல்லை, நம்ம முட்டைக்கண்ணன்" என்றேன். அவருக்குக் காது மந்தம். "முட்டை நேத்தே வாங்கியாச்சே" என்றார். சிரித்துவிட்டு அப்புறம் அழுதேன். நீ திட்டித்தான் எழுதியிருந்தாய். இருந்தாலும் எழுதினாயே.

பதினேழாம் பக்கத்தை மேடையில் வைத்தே வாசித்துவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கலாம். அச்சாகும்வரை எனக்குத் தெரியாது. நம்புவதானால் நம்பு.

நீ கேட்டதற்கு வருகிறேன். தம்பி, நான் பொய் சொல்லவில்லைடா. தராசின் முள் நிற்கக் காத்திருந்தபோது தலையை நிமிர்த்தினேன். கதவின் மேல்பாதிக் கண்ணாடியில் நீ தெரிந்தாய். பக்கவாட்டில் நின்றிருந்தாய். இடது உள்ளங்கையில் கிண்ணம், வெள்ளையாக, மூடியோடு. ஒருமுறை பார்த்தாய், கோட்டின் இடது பையில் போட்டாய். இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே வருகிறது. அம்மாவின் முகம்கூட இவ்வளவு துல்லியமாக வருவதில்லை. இதைப் பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் தெரியுமா?

பார்த்துவிட்டேன். கேட்டார்கள். சொன்னேன். இருபத்தேழு வயதுத் தம்பிக்காகப் பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி உனக்கு அக்காவாகப் பிறந்தது உன் கெட்ட நேரம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. அப்பா போனபோது எல்லோரும் கிளம்பிப் போகும்வரை எதிர்ப்புறக் கடை வாசலில் நின்றுவிட்டு, கடைசியில் வந்தாய். என் பக்கம் திரும்பாமல் அத்தானிடம் மட்டும் பேசினாய். அதை நான் எந்த மலரிலும் போடச் சொல்லவில்லை.

எனக்கு உடம்புக்குப் பரவாயில்லை. ஒன்றுதான். போன வாரம் டீ வடிகட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எதற்கு என்று தெரியாமல் நின்றேன். வலை தெரிகிறது, கைப்பிடி தெரிகிறது. என்ன சாமான் என்று மட்டும் தெரியவில்லை. உன் அத்தான் வாங்கி வடிகட்டிய பிறகுதான் 'அட' என்றிருந்தது. டாக்டர் ஏதோ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. அவள் தையற்கடை நன்றாக ஓடுகிறதா?

உன் அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் டீ வடிகட்டிக்காக நான் உருகுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு அந்தத் திறமை தேய்ந்துவிட்டது.

நான் இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். குழாய்களுக்கும் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசும் பட்டறை. முலாம் தொட்டிகளில் நிக்கல் கரைசல் சரியாக இருக்கிறதா என்று காலையும் மாலையும் சோதிப்பவன். முதுகலையில் முதல் மாணவனுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு ஸ்டூல், ஒரு அடுப்பு, தகரக் கூரைக்குக் கீழே ஒரு மூலை. முதலாளி என்னை 'சயின்டிஸ்ட்' என்று கூப்பிடுவார். "சயின்டிஸ்ட்டு, அந்த ஸ்டூலை எடுத்துட்டு இங்க வாய்யா." தப்பாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொல்கிறார். அதுதான் தாங்கவில்லை.

கோபத்தை ஓரம் வைத்துவிட்டு, படித்தவனாகப் பதில் எழுதுகிறேன்.

நீ வெள்ளையான ஒரு கிண்ணத்தைப் பார்த்தாய். ஒப்புக்கொள்கிறேன். அது பிளாட்டினம் என்று எப்படித் தெரிந்தது? பத்தடி தூரம், நடுவில் அழுக்குக் கண்ணாடி. பிளாட்டினத்தையும் நிக்கலையும் அப்படி வைத்துப் பிரித்துச் சொல்ல எந்தக் கண்ணாலும் முடியாது. கையில் வாங்கினால்தான் தெரியும். காகிதம்போல மெல்லிசாக இருக்கும், கனம் மட்டும் உள்ளங்கையை இழுக்கும். நீ கனத்தைப் பார்த்தாயா? அக்கா, உன் பிழைப்பே கனம் பார்ப்பது. என் விஷயத்தில் மட்டும் பார்வையே போதும் என்று விட்டுவிட்டாய்.

என் கையில் இருந்தது நிக்கல் கிண்ணம். அடியில் பொத்தல் விழுந்தது. தூக்கிப் போடுவதற்காகப் பையில் போட்டேன். அதன் விளிம்பில் பச்சை படிந்திருந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. இதை அன்றே இயக்குநரிடம் சொன்னேன். 'அப்ப அதைக் காட்டு' என்றார். அதுதான் குப்பைக்குப் போய்விட்டதே.

பிறகு நடந்ததை மலரில் யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். மறுநாள் இயக்குநர் ஒரு தாளை நீட்டினார். 'இரண்டாம் எண் கிண்ணத்தை நான் எடுத்தேன்' என்று ஒரே வரி. "கையெழுத்துப் போட்டா வேலையோட போயிடும். போடலைன்னா போலீஸ்." நான் வெளியே வந்தேன். நீ நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மடியில் கைக்குட்டை. நான் கேட்காமலே சொன்னாய்: "போட்டுடுடா. அப்பா நெஞ்சு தாங்காது. போட்டுட்டு வா, வீட்டுக்குப் போகலாம்."

போட்டேன். நீ சொன்னதால் போட்டேன். அன்று வீட்டுக்கு நாம் சேர்ந்து போகவில்லை. உனக்கு ஐந்து மணிவரை வேலை இருந்தது.

என் வீட்டுக்காரி கல்யாணமான மூன்றாம் வருடம் யார் மூலமோ கேள்விப்பட்டு வந்து, "எடுத்தீங்களா இல்லையா? ஒரே ஒரு தடவை நேராச் சொல்லிடுங்க, அப்புறம் கேக்கவே மாட்டேன்" என்றாள். இல்லை என்றேன். சொன்னபடி அப்புறம் கேட்கவே இல்லை. ஆனால் ஒருவர் ஒன்றைக் கேட்காமல் இருப்பது வீட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று உனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் தம்பி (பதிவேட்டின்படி)


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. பரிசோதனைக்காக நாலு முறை அலைந்தேன். உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். காத்திருந்த நேரமெல்லாம் படித்தேன். பெஞ்சில் நான் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்து மாறவில்லை.

ஒரு விஷயம் நடந்தது. பொறுமையாகப் படி.

அங்கே சோதிக்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டரில் எண்பது சாமான்களின் படத்தை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கெட்டில், குடை, பூட்டு, சீப்பு இப்படி. மறுநாள் போனால் இரண்டிரண்டாகக் காட்டி, நேற்றுப் பார்த்தது எது என்று கேட்டாள். நீலக் கெட்டில் வந்தது. ஒன்றில் மூக்கு இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம். "இடப்பக்கம்" என்றேன்.

"நிச்சயமா ஆன்ட்டி?"

"முப்பத்தாறு வருஷம் தராசு முள்ளைப் பார்த்தவ நான். நிச்சயம்."

சிரித்தாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு தப்பு. அதில் பதினாலுக்கு நான் 'நிச்சயம்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். நோய் முற்றிவிட்டதா என்று கேட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமான் என்னன்னே தெரியாம நிக்கிறீங்களே, அதுதான் ஆன்ட்டி உங்க வியாதி. இது வியாதி இல்ல. எனக்கு வச்சாலும் இப்படித்தான் வரும். ஒரு கோப்பையைப் பாத்தா மூளை அதை போட்டோ எடுத்து வைக்கிறதில்ல. உருவம் ஒரு இடத்துல, நிறம் ஒரு இடத்துல, எங்க இருந்துச்சுங்கறது இன்னொரு இடத்துலன்னு பிரிச்சுப் போட்டுடும். திரும்பக் கேட்டா பொறுக்கிச் சேர்த்துக் கட்டித் தரும். ஏதாவது ஒண்ணு கிடைக்கலன்னா, வழக்கமா அதோட எது இருக்குமோ அதை வச்சுக் கட்டிடும். கட்டினதுன்னு அதுக்கே தெரியாது. நினைக்க நினைக்க, கட்டினது இன்னும் பளிச்சுன்னு ஆகிடும். அசலை விட."

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் அடியில் இருந்த உறையை எடுத்தேன். நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். அதில் என் கையால் எழுதியிருக்கிறேன்: 'மூடியுடன் கூடிய கிண்ணம் அவர் உள்ளங்கையில் இருந்தது.' உனக்கு எழுதிய கடிதத்திலும் மூடியோடு என்றுதான் எழுதினேன். இல்லையா?

தம்பி, மூடி பெட்டியில் இருந்தது. எடுத்து நிறுத்து, 'மூடி உள்ளது, கிண்ணம் இல்லை' என்று பதிவேட்டில் எழுதியதும் நான்தான். இரண்டும் என் எழுத்து. ஒரே நாள். ஒரு மணி நேர இடைவெளி.

இருபத்து நான்கு வருடம் இதை யாரும் பார்க்கவில்லை. இயக்குநர் பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை. போன கடிதத்தில் நிக்கல், பிளாட்டினம் என்று அவ்வளவு எழுதிய நீகூடப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணத்தை நான் எப்போதும் மூடியோடுதான் நிறுத்தேன். என் கண்ணுக்கு அது இரண்டும் சேர்ந்து ஒரே பொருள். உன் கையில் நான் எதையோ பார்த்தேன். மூடியை நானே போட்டிருக்கிறேன். மூடியைப் போட்டவள் கிண்ணத்தையும் போட்டிருக்க மாட்டாளா?

இப்போதிருக்கும் இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான பெண். "நீங்களும் தம்பியும் ஆளுக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க மேடம், பழைய கோப்பைத் திறந்து திருத்திடலாம்" என்றார். என்னுடையதை எழுதிவிட்டேன். உன்னிடமிருந்து ஒரே வரி போதும். 'நான் எடுக்கவில்லை.' கீழே உன் கையெழுத்து. அவ்வளவுதான். அடுத்த மாதம் டாக்டர் எனக்கு இந்த வியாதி என்று சான்றிதழ் எழுதப்போகிறார். எழுதிவிட்டால் அதன் பிறகு நான் சொல்வது எங்கேயும் செல்லாது. அதற்குள் அனுப்பிவிடு.

மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரியை அனுப்பு. அப்புறம் கேட்கிறேன்.

உன் அக்கா


மே 6

அன்புள்ள தம்பி,

உன் வரி இன்னும் வரவில்லை. தபாலில் தொலைந்ததா? இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு அந்த ஒட்டும் குச்சியைத் தேடி, கடைசியில் கையில் இருந்தது உதட்டுக்குப் பூசுவது என்று உன் அத்தான் சொன்னார். பேப்பர் வெட்டும் அதையும், இரண்டு வளையம் இருக்குமே, அதையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். காயம் படுமாம். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் புதிதாக வந்தவர்கள்போல நிற்கின்றன.

சான்றிதழ் இருபத்தைந்தாம் தேதி. ஒரு வரிதானே. உனக்கு அது கஷ்டமே இல்லை, உண்மைதானே எழுதப்போகிறாய்.

அக்கா


மே 19

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் எதிரில் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். ஏழு வாரமாக அது அங்கேயே இருக்கிறது. என் வீட்டுக்காரி அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறாள்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பட்டறையில் வைத்துத்தான் படித்தேன். மூடியைப் பற்றிய இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். "என்ன சயின்டிஸ்ட்டு, லாட்டரியா?" என்றார் முதலாளி. அதுபோலத்தான் இருந்தது. அன்று மாலையே வரியை எழுதி, கையெழுத்துப் போட்டு, மறுநாள் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்கு அது போதவில்லை. நீ தப்பாகப் பார்த்தாய் என்பதோடு நான் சரியாகச் சொன்னேன் என்பதும் கோப்பில் ஏற வேண்டும் என்று நினைத்தேன். அந்த நிக்கல் கிண்ணத்துக்கு ஒரு சாட்சி தேடிக் கண்ணாடி ஊதுகிறவரைப் பார்க்கப் போனேன்.

மனிதர் அப்படியே இருக்கிறார். கன்னம் மட்டும் தொங்கிவிட்டது. டீ கொடுத்தார். கேட்டேன். நிதானமாக யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நிக்கல் கிண்ணமா? அது நீ போனதுக்கு அப்புறம்தானேப்பா வந்துச்சு. உன் காலத்துல பிளாட்டினத்தை விட்டா பீங்கான்தான்."

"இல்லண்ணே, நல்லா ஞாபகம் இருக்கு. அடியில பொத்தல். விளிம்புல பச்சை."

"பச்சையா? அது நீ இப்ப வேலை பாக்குற எடத்துல பாத்திருப்பே. நிக்கல் கிண்ணம் வந்து எறங்குன அன்னிக்குப் பெட்டியை ஒடச்சதே நான்தான். நீ போயி ஒரு வருஷம் ஆயிருக்கும். கொள்முதல் ரசீது வேணும்னா எடுத்துக் காட்டச் சொல்றேன்."

வேண்டாம் என்றேன். டீயைக் குடித்து முடிக்காமலே வந்துவிட்டேன்.

அவர் சொன்னது சரி. எங்கள் பட்டறை மூலையில் அடுப்புக்குப் பக்கத்தில் பொத்தல் விழுந்த நிக்கல் கிண்ணம் ஒன்று கிடக்கிறது. விளிம்பில் பச்சை. பத்து வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்து அந்த வியாழக்கிழமையில் வைத்துவிட்டிருக்கிறேன். இயக்குநரிடம் அன்று என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே சொல்லாமல் நின்றிருந்தேனோ என்னவோ.

நிக்கலை எடுத்துவிட்டால் என் கையில் என்ன இருந்தது?

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலை போன முதல் வருடங்களில், வேலை தேடி அலைகிற பேருந்துகளில், எனக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பழிதான் வந்துவிட்டதே, எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பெட்டியைத் திறப்பேன். மூடியை உள்ளே விட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் எடுப்பேன். இடது பையில் போடுவேன். உன் கண்ணாடிக் கதவைத் தாண்டி நடப்பேன். ஆத்திரத்தில் செய்தது. உன்னைப் பழிவாங்குவதாக நினைப்பு. தினமும் இரண்டு தடவை, போக ஒன்று, வர ஒன்று. எத்தனை வருடம்!

எப்போது அது விளையாட்டாக இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரி கேட்டபோது 'இல்லை' என்றேனே, சொல்லும்போதே இடது தொடையில் அந்தக் கனம் தட்டியது. அன்றிலிருந்து இருக்கிறது. கோட்டை மாட்டுகிறேன், பை கொஞ்சம் தொங்குகிறது. பேருந்துப் படியில் கால் வைக்கிறேன், தொடையில் இடிக்கிறது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிகிறேன், அதுவும் குனிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கே வைத்தேன், யாரிடம் கொடுத்தேன், எதுவுமே இல்லை. உண்மையில் எடுத்தவனுக்கு அதுவாவது தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அக்கா, இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை மாலையை யாரால் சொல்ல முடியும்?

உன் சோதனைக்காரப் பெண் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கனம் ஒரு இடத்தில் இருந்தது, பை ஒரு இடத்தில் இருந்தது, நினைத்து நினைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டீர்கள் என்பாள். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? கிண்ணத்தை நாங்கள் இடுக்கியால்தான் தூக்குவோம், கைபடக் கூடாது என்பது உன் சட்டம். சனிக்கிழமைகளில் மட்டும் ஈர மணலால் தேய்த்துப் பளபளப்பாக்குவோம், அப்போது விரல் பட்டிருக்கும். அது ஈரமான கனம், மணல் நெருடும் கனம். பையில் இருப்பது காய்ந்த கனம். இந்த ஒரு வித்தியாசத்தில் ஏழு வாரமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எந்தத் தராசில் வைத்து இதைப் பார்ப்பது? தராசுக்காரி நீ. உனக்கே இப்போது வடிகட்டி தெரியவில்லை.

நீ தப்பாகப் பார்த்தாய். அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. அதனால் நான் எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. அன்று நான் எடுத்தேன் என்ற நிச்சயம் உன்னிடம் இருந்தது, எடுக்கவில்லை என்ற நிச்சயம் என்னிடம் இருந்தது. இன்று நீ உன்னுடையதைத் திருப்பிக் கொடுக்க வருகிறாய். அதை வாங்கிக்கொள்ள என்னுடையது என்னிடம் இல்லை.

இத்தனை வருடம் உன்மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அதைச் சாய்த்து வைக்க ஒரு சுவர் இருந்தது. இப்போது கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

இன்று தேதி பத்தொன்பது. இருபத்தைந்துக்குள் வந்து சேர வேண்டுமானால் இன்று தபாலில் போட வேண்டும். சற்று முன் அந்த வெள்ளைத் தாளை எடுத்து, 'நான் எடுக்கவில்லை' என்று எழுதிவிட்டேன். எழுத்து அழகாகத்தான் விழுந்திருக்கிறது. கையெழுத்துக்காகப் பேனாவை இறக்கியபோதுதான் தொடையில் தட்டியது.

உண்மையா என்று பாராமல் ஒரு வரிக்குக் கீழே ஒருமுறை கையெழுத்துப் போட்டேன், நீ சொன்னாய் என்று. இன்றும் நீதான் கேட்கிறாய். இன்று வரி உண்மையா என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை என்னால் முடியாது அக்கா.

வரியை மடித்து இதனுள் வைக்கிறேன். கீழே பெயர் இல்லாத தாளை எந்த அலுவலகமும் வாங்காது என்று எனக்குத் தெரியும். யார் எழுதியது என்று கேட்பார்கள். உனக்குக் கேட்கத் தேவையில்லை. முட்டைக்கண்ணன் எழுத்து என்று உறையைப் பார்த்ததும் சொன்னாயே, அந்தப் பார்வை உன்னிடம் இன்னும் மிச்சம் இருக்கும்போதே இது வந்து சேர வேண்டும். வீட்டுக்காரி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். தபால்பெட்டி அவள் போகிற வழிதான். ஆனால் அவளிடம் கொடுக்கவில்லை. நானே போகிறேன். அந்த வரிக்குக் கீழேயும் சரி, இந்தக் கடிதத்துக்குக் கீழேயும் சரி, கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.